பால் லோரிக்காரரின் கேசட்டுகள்

போன மாதம், நான் முன்பு வேலை பார்த்த மெர்கோங் கடையிலிருந்து என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. நாடா வெளியே வந்து சிக்கலாகிக் கிடக்கும் ஒரு கேசட். கீழே, "ஸ்டெல்லா அக்கா, இது பொழைக்குமா?" என்று ஒரு கேள்வி. கடையில் இப்போது வேலை பார்க்கும் பெண்கள் இருவரும் கேசட் ஓடிய காலத்தில் பிறக்காதவர்கள். ஆனால் கேசட்டுக்கு மறுபடியும் ஆள் வருகிறதாம். கல்லூரிப் பிள்ளைகள் வந்து பெட்டியைக் கிளறி எடுத்துப் போகிறார்களாம். எப்படிச் சோதிப்பது, எதை விற்கலாம், எதைத் தூக்கிப் போடுவது என்று எழுதித் தரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். சோதிக்கிற முறை சீக்கிரமே முடிந்துவிட்டது. பேனாவை மூடத்தான் மனம் வரவில்லை.

நான் பிறந்தது சுங்கை லாலாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். பள்ளிப் படிப்பு முடிந்ததும் சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, வானொலிப் பெட்டிகளில் கேசட் ஓடும் பாகத்தைப் பொருத்தும் வரிசையில் பல வருஷம் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போயிற்று. நான் கல்யாணமாகி அலோர் ஸ்டாருக்கு வந்தேன். மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது, முதியோர் இல்லத்துக் கடைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று ஒருவர் சொன்னார். போய் நின்றேன். ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தேன்.

ஜனங்கள் வேண்டாமென்று கொடுக்கும் சாமான்களை வாங்கி, சுத்தம் செய்து, குறைந்த விலைக்கு விற்கிற கடை அது. வருமானம் பின்னால் இருக்கும் இல்லத்துக்குப் போகும். துணிமணிக்கு ஒருவர், தட்டுமுட்டுச் சாமானுக்கு ஒருவர். பாட்டும் படமும் என் பொறுப்பு.

கடைக்கும் இல்லத்துக்கும் ஒருவரே பெரியவர். அரசாங்க ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்களும் மேட்ரன் என்றே கூப்பிடுவோம். உயரமானவர், ஒடிசலானவர். கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டுதான் நடப்பார். எந்தப் பொருளையும் உடனே தொடமாட்டார். கொஞ்ச நேரம் பார்ப்பார், பிறகுதான் கை வரும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பிடிக்காத காரியம் ஒன்று நடந்தால் நம் பெயரைச் சொல்வார். "ஸ்டெல்லா." அவ்வளவுதான். மீதியை நாமே யோசித்துக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

கடையையும் அவர் வார்டு போலத்தான் நடத்தினார். வந்திறங்கிய பெட்டி அட்மிஷன் மேசைக்குப் போகும். அங்கிருந்து அப்சர்வேஷன் தட்டுக்கு. சோதித்து முடித்த பிறகே விற்பனை அலமாரிக்கு. அதற்கு அவர் வைத்த பெயர் டிஸ்சார்ஜ். புதிதாகச் சேர்ந்தவர்கள் சிரிப்பார்கள். ஒரு மாதம் போனால் அவர்களும் அப்படியே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

ஓட்டிப் பார்க்காமல் எதையும் விற்கக்கூடாது என்பது அவர் சட்டம். நான் சேர்வதற்கு முன்பு, ஒரு தோட்டத்து அம்மா பிள்ளைகளுக்காக ஒரு சாமிப் படத்தின் சிடி வட்டு வாங்கிப் போயிருக்கிறார். உறையில் சாமி, உள்ளே இருந்தது வெட்டும் குத்துமான வேறு படம். அந்த அம்மா பஸ் ஏறி வந்து வட்டை மேசையில் வைத்துவிட்டு மேட்ரனைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அதற்குப் பிறகு வந்த சட்டம்.

வட்டுகளை முதலில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பேன். பாட்டின் பெயர் அச்சடித்த பக்கத்தில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தாலே அது போச்சு. அடிப்பக்கத்தில் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் கீறல் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. வட்டமாகச் சுற்றி வரும் கீறல்தான் படத்தை நிறுத்திவிடும். அதனால் துடைக்கும்போதும் சுற்றித் துடைக்காமல் நடுவிலிருந்து வெளியே நேராக இழுக்க வேண்டும். அசல் வட்டின் உறையில் மினுமினுக்கும் முத்திரை ஒட்டியிருக்கும். அது இல்லாத திருட்டு வட்டு எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போடச் சொல்வார் மேட்ரன். பிறகு தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடத்தில் ஓட்டிப் பார்ப்பேன்.

கேசட் அப்படியில்லை. அதற்குப் பொறுமை வேண்டும். வெள்ளையாகப் பூஞ்சணம் படிந்த கேசட்டைப் பாட்டுப் பெட்டிக்குள் போடவே கூடாது. ஒன்றிலிருந்து பத்துக்குத் தொற்றிவிடும். நாடாவுக்குப் பின்னால் சின்னதாக ஒரு பஞ்சுத் துண்டு இருக்கும். அது விழுந்திருந்தால் பாட்டு தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போலக் கேட்கும். வருஷக்கணக்காக ஓடாத கேசட்டை உள்ளங்கையில் நாலு தட்டு தட்டி, ஒரு முறை கடைசி வரை முன்னால் சுற்றி, மறுபடியும் பின்னால் சுற்றி, நாடாவைத் தளர்த்திவிட்டுத்தான் பாட விட வேண்டும். இதையெல்லாம் தொழிற்சாலையிலேயே கற்றிருந்தேன். அங்கே வேகமாகச் செய்வேன். மேட்ரனிடம் வந்த பிறகு மெதுவாகச் செய்யப் பழகினேன்.

வாங்க வருகிறவர்கள் பலவிதம். கோலா கெடா மீன்பிடிப் படகுக்காரர்கள் கடலில் பார்க்கப் படங்களை அள்ளிக்கொண்டு போவார்கள். திருவிழா நெருங்கினால் தோட்டங்களிலிருந்து பக்திப் பாட்டுக்கு ஆள் வரும். பினாங்கிலிருந்து ஒரு வியாபாரி மாதம் ஒரு தடவை வந்து, நல்லதாகப் பொறுக்கிப் போய் இணையத்தில் கூடுதல் விலைக்கு விற்பார். அதில் தப்பில்லை என்பார் மேட்ரன். காசு இல்லத்துக்குத்தானே வருகிறது. ஆனால் யாருக்காகவும் எதையும் எடுத்து வைக்கக்கூடாது. சொந்தக்காரருக்கு வேண்டாம், கோயில் ஃபாதருக்கே வேண்டாம். முன்பொரு காலத்தில் வேலை செய்தவர்கள் தங்களுக்கு வேண்டியவர்களுக்கு நல்ல சாமான்களை ஒதுக்கி, கடைக்கு வருகிறவர்களுக்குச் சக்கையை விட்டிருக்கிறார்கள். யார் முதலில் வருகிறாரோ அவருக்கு என்பதில் மேட்ரன் கல் மாதிரி இருந்தார்.

இன்னொரு சட்டமும் உண்டு. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், இல்லத்துக்கு வரும் குடும்பங்கள் என்ன பேசினார்கள் என்பது வெளியே போகக்கூடாது. வார்டில் கேட்டது வார்டோடு.

இந்தச் சட்டங்களெல்லாம் சேர்ந்து என் கழுத்தைப் பிடித்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

கிருமிக்குப் பயந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலம் முடிந்து, ஜனங்கள் வீட்டை ஒழித்துச் சாமான்களை எங்கள் வாசலில் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒருநாள் வேனில் வந்தவர் குமரேசன். நாற்பது வயதிருக்கும். கோலா கெடாவில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர்; வீடு எங்கள் கடைக்குப் பக்கம்தான், பெரிய சாலைக்கு அந்தப் புறம். அவருடைய அப்பாவுக்குப் பக்கவாதம், ஆஸ்பத்திரியில் இருக்கிறார், இரண்டு நாளில் வீட்டுக்கு வருகிறார், அறையில் ஆஸ்பத்திரிக் கட்டில் போட வேண்டும், அதனால் அறையை ஒழிக்கிறோம் என்று மூச்சுவிடாமல் சொன்னார். பழைய மேசை, ஒரு துணி அலமாரி, உடைந்த வானொலி, பிளாஸ்டிக் கூடை நிறையக் கேசட்டுகள். இறக்கி வைத்துவிட்டு உடனே கிளம்பிவிட்டார். அவர் கண்களில் பல நாள் தூக்கமில்லாத சிவப்பு இருந்தது.

அந்தக் கேசட்டுகளைச் சோதிக்கும்போது ஒன்று கவனித்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தின் மூலையில் சிவப்பாக, உருண்டையாக, தடித்த ஒரு பொட்டு. நகச்சாயம். ஏதோ பழைய கடைக்காரர் வைத்த அடையாளம் என்று நினைத்தேன். ஒன்றைச் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை. கேசட்டுகள் மட்டும் நன்றாக இருந்தன. இவ்வளவு ஓடியும் இவ்வளவு சுத்தமாக இருந்த கேசட்டுகளை நான் அதிகம் பார்த்ததில்லை. டிஸ்சார்ஜ் செய்து அலமாரியில் வைத்தேன்.

சில மாதம் போயிற்று. நாலு கால் ஊன்றுகோலோடு ஒரு பெரியவர் வந்தார். எழுபதைத் தாண்டியவர். இடது கால் கொஞ்சம் இழுத்தது. நேராகக் கேசட் அலமாரிக்குப் போனார். எல்லாரும் உறையில் இருக்கும் பெயரைத்தான் படிப்பார்கள். அவர் கேசட்டை வெளியே எடுத்து, பெருவிரலால் மூலையைத் தடவிப் பார்த்தார். ஒன்றை வாங்கினார், சட்டைப் பையில் போட்டார், போய்விட்டார். அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும். ஒரு தடவைகூட அந்தக் கூடையில் வந்த கேசட்டைத் தவிர வேறொன்றை அவர் எடுக்கவில்லை.

அவர் தேடுவது அந்தப் பொட்டைத்தான் என்று எனக்கு மெல்லப் புரிந்தது. ஒருநாள் கடையில் வேறு யாரும் இல்லாதபோது, அண்ணே, அந்தச் சிவப்புப் பொட்டு என்ன என்று கேட்டேன்.

உட்கார்ந்து சொன்னார். அவர் பெயர் ஆறுமுகம். பீடோங், சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ரப்பர் பாலை ஆலைக்குக் கொண்டுபோகும் டாங்கி லோரி ஓட்டியவர். அப்போதெல்லாம் தோட்டத்துச் சாலையில் விளக்கு இருக்காது. பால் ஆடினால் வண்டியும் ஆடும். கேசட்டை மாற்றும்போது எந்தப் பக்கம் என்று குனிந்து பார்த்தால் பள்ளத்தில்தான் போய் விழ வேண்டும். அவர் மனைவி லெட்சுமி எல்லாக் கேசட்டிலும் முதல் பக்கத்து மூலையில் நகச்சாயத்தால் ஒரு பொட்டு வைத்துவிட்டார். விரலால் தடவினாலே தெரிந்துவிடும். கண் சாலையிலேயே இருக்கும்.

"அவ வெரல்ல பூசுனதவிட கேசட்ல பூசுனதுதாம்மா அதிகம்" என்றார். சிரித்தார். லெட்சுமி இறந்து பல வருஷம் ஆகியிருந்தது.

இவை அவருடைய சொந்தக் கேசட்டுகள். அறைச் சாமான்களெல்லாம் இந்தக் கடைக்குப் போனதாக வீட்டில் பேசியது அவர் காதில் விழுந்திருக்கிறது. அவருடைய பொருளை அவருக்கே நான் விற்றுக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்குக் கையெல்லாம் கூசியது. மேட்ரனிடம் சொல்கிறேன், எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள் அண்ணே என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மகன் கொடுத்தது கொடுத்ததுதான், வாங்கித்தான் எடுத்துக்கொள்வேன் என்றார். அதுவுமில்லாமல் சட்டைப் பையில் ஒன்றுதான் அடங்கும், கூடையோடு போனால் வீட்டில் தெரிந்துவிடும். மகனுக்கு இது தெரியவே கூடாது என்று என்னிடம் உறுதி வாங்கிக்கொண்டார்.

பாட்டை எங்கே கேட்கிறீர்கள் என்று கேட்டேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் பா டின்னிடம் ஒரு பழைய காடி, அதாவது கார், இருக்கிறது, எஞ்சின் செத்துப் போய்விட்டது, ஆனால் கேசட் பாடும். பா டின் பஸ் ஓட்டியவர். இரண்டு பேரும் காலை நேரத்தில் கொட்டகையில் நிற்கும் அந்தக் காடிக்குள் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்து கேட்பார்களாம். கேசட்டுகளும் அந்தக் காடிக்குள்தான் பத்திரமாக இருந்தன. பா டின்னுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு வரும் என்று இப்போது அவருக்கே தெரியும் என்றார்.

அதற்குப் பிறகு அவர் வரும் காலைகளுக்காக நானும் காத்திருக்க ஆரம்பித்தேன். வாரத்துக்கு ஒன்று. கூடையில் இன்னும் நிறைய இருந்தது. அப்போதுதான் பினாங்கு வியாபாரி வந்தார்.

அலமாரியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. இப்படிச் சுத்தமான பழைய கேசட்டுகளை வாங்கப் பிள்ளைகள் அலைகிறார்கள், மொத்தமும் எனக்கு, விலையைச் சொல்லுங்கள் என்றார். எடுத்து வைக்கக்கூடாது என்பது சட்டம். முதலில் வந்தவருக்கு என்பதும் சட்டம். என்ன பொய் சொல்வது என்று தெரியாமல், விலைச்சீட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேட்ரன் தன் மேசையிலிருந்து எழுந்து வந்தார். கைகள் பின்னால். கேசட்டுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதெல்லாம் இன்னும் அப்சர்வேஷன்ல இருக்கு. விக்கறதுக்கில்ல."

வியாபாரி, விற்பனை அலமாரியில்தானே இருக்கிறது என்றார். தப்பான இடத்தில் வைத்துவிட்டார்கள் என்று மேட்ரன் சொன்னார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வியாபாரி முனகிக்கொண்டே வேறு சிலவற்றை வாங்கிப் போனார்.

அவர் போனதும் மேட்ரன் என்னிடம், ஒவ்வொரு கேசட்டையும் மறுபடியும் இரண்டு பக்கமும் முழுசாக ஓட்டிப் பார், முடிந்ததை மட்டும் ஒவ்வொன்றாக அலமாரிக்கு அனுப்பு என்றார்.

"வாரத்துக்கு ஒண்ணுதான் முடிக்க முடியும் மேட்ரன்" என்றேன்.

"அவசரப்படாத. நல்லாப் பாத்து அனுப்பு."

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அவருடைய மேசை கடையின் மூலையில்தான் இருக்கிறது. அங்கிருந்து எல்லாமே தெரியும். சட்டத்தையும் அவர் மீறவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியில் கேசட் கூடையைத் தூக்கிக்கொண்டு போகும்போது கால் தரையில் பட்டதாகவே தெரியவில்லை.

ஆனால் அதோடு முடியவில்லை.

நெல் அறுவடை நடந்துகொண்டிருந்த சமயம். வயல் தூசி கடைவரை வந்து எல்லாவற்றின் மேலும் படிந்துவிடும். வட்டுகளைத் துடைத்து மாளாது. நான் துடைத்துக்கொண்டிருந்தபோது குமரேசன் உள்ளே வந்தார். வேனில் சாமான் கொண்டுவந்த அதே மகன். என்னை அவருக்கு ஞாபகம் இல்லை. நேராக மேட்ரனிடம் போய், இல்லத்தில் இடம் கிடைக்குமா என்று கேட்டார். நான் இருந்த இடத்திலிருந்து எல்லாம் காதில் விழுந்தது.

அவர் அப்பா வாரத்தில் ஒருநாள் காலையில் வீட்டைவிட்டுப் போய்விடுகிறார். எங்கே போகிறார் என்று கேட்டால் சும்மா நடந்தேன் என்கிறார். திரும்பி வந்த பிறகும் நெடுநேரம் வீட்டுக்குள் ஆளைக் காணோம். ஒருநாள் குமரேசனின் மனைவி தேடிப் போனபோது, பெரிய சாலையின் நடுத்திட்டில் ஊன்றுகோலோடு நின்றுகொண்டிருக்கிறார், இரண்டு பக்கமும் வண்டிகள் பறக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டால் தனக்கு ஒன்றும் தெரியாது என்று கையை விரிக்கிறார். வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. கிளினிக் டாக்டர், இந்த வியாதிக்குப் பிறகு சிலருக்கு ஞாபகம் தவறும், இலக்கில்லாமல் அலைவார்கள், தனியாக விடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள்.

"எனக்கு அனுப்ப மனசில்ல மேட்ரன்" என்றார். "ஆனா ஒருநாளு லோரி அடிச்சிருச்சின்னா நான் என்னா செய்வேன்?"

மேட்ரன் முதல் தடவையிலேயே யாருக்கும் சரி என்று சொல்லமாட்டார். கேள்வி கேட்பார். தானாகச் சாப்பிடுகிறாரா? கழிவறைக்குத் தானாகப் போகிறாரா? கிழமை தெரிகிறதா? ஆட்களை அடையாளம் தெரிகிறதா? எல்லாவற்றுக்கும் குமரேசன் ஆமாம் என்றுதான் சொன்னார். அப்பாவிடம் இதைப் பற்றிப் பேசினீர்களா என்று கடைசியாகக் கேட்டார். குமரேசன் தலையைக் குனிந்துகொண்டார். எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை என்றார். ஒரு கட்டில் காலியாகப் போகிறது, அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லி மேட்ரன் அவரை அனுப்பினார்.

எனக்குத் துடைக்கிற துணி கையில் இருக்கிறது, துடைக்க ஓடவில்லை. அந்த மனிதர் அலையவில்லை. என் கடைக்குத்தான் வருகிறார். அதை ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் மகனிடம் சொல்லமாட்டேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். மகன் மேட்ரனிடம் பேசியதை அப்பாவிடம் சொல்வதற்குக் கடையின் சட்டம் இடம் தராது. வாயைத் திறக்காமல் இருந்தால் அடுத்த வாரம் ஆறுமுகம் அண்ணனுக்குக் கட்டில் தயாராகிவிடும். தவறு யாரிடமும் இல்லை, அதுதான் கொடுமை. அந்தச் சாலையைப் பற்றி மகன் பயப்படுவதும் நியாயம்தான். அந்த நடுத்திட்டை நானும் பார்த்திருக்கிறேன்.

கடை அடைக்கும் நேரத்தில் மேட்ரனிடம் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஸ்டெல்லா, வார்டுல ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர்கிட்ட சொல்லக்கூடாது. அது சரி. ஆனா பேஷன்ட்டோட சங்கதிய பேஷன்ட்டுகிட்டயே மறைக்கிறது அதவிடத் தப்பு. இது அவரு சங்கதி. அவருகிட்ட சொல்லு. மகன்கிட்ட சொல்றதா வேணாமான்னு அவரு முடிவு பண்ணட்டும்."

அவர் மறுபடி வரும் நாள்வரை எனக்கு ஒரே பயம். சாலையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடினேன். அந்த நாள் வந்தது, அவரும் வந்தார். அலமாரியில் அந்த வாரத்துக் கேசட்டை எடுத்து, மூலையைத் தடவிக்கொண்டு நின்றவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். பசியாறிட்டீங்களா அண்ணே என்று கேட்டேன். ஆச்சு என்றார். பிறகு சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் மாறவில்லை. நல்ல கை மட்டும் கேசட்டை இறுக்கிக்கொண்டது.

"எனக்குப் புத்தி பெசகிருச்சின்னா நெனக்கிறான்?"

"பயப்படறாருண்ணே."

பிறகு என் கைப்பேசியைக் கேட்டார். மகனுடைய எண்ணை நினைவிலிருந்தே அழுத்தினார். நான் மெர்கோங்கில் பழைய சாமான் கடையில் இருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை, நீ இங்கே வா என்று சொல்லி என்னிடம் திருப்பித் தந்தார். வேறு விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை.

கோலா கெடாவிலிருந்து வருவதற்குள் எனக்கு யுகம் ஆனது. மேட்ரன் தன் மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பேனா நகர்ந்ததாகத் தெரியவில்லை.

குமரேசன் எண்ணெய்க் கறையோடு ஓடி வந்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பா கையிலிருந்த கேசட்டைப் பார்த்தார். அதை வாங்கி, மூலையில் இருந்த பொட்டின் மேல் விரலை வைத்தார். அம்மாவின் கைவேலை அவருக்குத் தெரியாமல் இருக்குமா? பக்கத்தில் கிடந்த மரப்பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இத்தனை வாரமாக இதற்குத்தான் வருகிறார் என்று நான்தான் சொன்னேன். பா டின்னின் காடியைப் பற்றி ஆறுமுகம் அண்ணனே சொன்னார்.

"ஏம்ப்பா என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

ஆறுமுகம் அண்ணன் ஊன்றுகோலை ஒரு பக்கம் தள்ளி வைத்தார்.

"எனக்குக் கட்டில் போட எடம் வேணும்னுதான அத எடுத்த. ஆஸ்பத்திரில என்னைத் தூக்கிக் குளுப்பாட்டுனவன் நீ. ஒன்கிட்ட வந்து என் கேசட் எங்கடான்னு கேட்டா, ஒன் கட்டில் வேணாம், என் கூடையக் குடுன்னு சொன்ன மாதிரி ஆயிடாது?"

"நான் உங்கள இங்க கொண்டாந்து விட இருந்தேன்ப்பா."

"தெரியும். இப்பதான் சொன்னாங்க. நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். அந்த ரோட்டப் பத்தி லோரிக்காரனுக்குத் தெரியாதா?"

குமரேசன் அழுதார். சத்தமில்லாமல், குழந்தை மாதிரி முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. அவர் அப்பா அவரைத் தேற்றவில்லை. மகனுடைய தோளில் கையை வைத்து, அந்தத் தோளையே பிடித்து எழுந்தார்.

மிச்சம் எவ்வளவு இருக்கிறது, எல்லாவற்றையும் இப்போதே எடுத்துப் போகலாம் என்று குமரேசன் என்னிடம் கேட்டார். அப்சர்வேஷன் தட்டில் இருந்த கூடையைக் காட்டினேன். ஆறுமுகம் அண்ணன் குறுக்கே வந்தார்.

"வேணாம். வாரத்துக்கு ஒண்ணா நானே வாங்கிக்கிறேன். வீட்டவிட்டு வெளிய வர்றதுக்கு எனக்கும் ஒரு வேல வேணுமில்ல?"

"அப்ப நானும் கூட வரேன்."

"ரோடு தாண்டுற வரைக்கும் வா. கடைக்குள்ள நான் தனியா வந்துக்குவேன்."

மேட்ரன் அப்போதுதான் எழுந்து வந்தார். அந்தக் கட்டிலை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாமா என்று குமரேசனைக் கேட்டார். கொடுத்துவிடுங்கள் மேட்ரன் என்று அவர் சொன்னதும், ஒரு தலையசைப்பு. கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு இல்லத்துப் பக்கம் நடந்துவிட்டார். ஆறுமுகம் அண்ணன் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே நான் உட்கார்ந்தேன். பல நாளாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. அன்று மத்தியானம் கணவர் கொண்டுவந்த சோற்றை அவருக்குப் பங்குகூட வைக்காமல் முழுவதும் சாப்பிட்டேன்.

அதன் பிறகு குமரேசன் தன் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டார். வாரம் ஒருநாள் காலையில் அப்பாவைச் சாலை தாண்டிக் கொண்டுவந்து விடுவார். உள்ளே வரமாட்டார். எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டு நிற்பார். வீட்டிலும் கேசட் பாடும் பெட்டி ஒன்று வாங்கி வைத்துவிட்டார். ஆனால் பா டின்னின் காடிக் கச்சேரி நிற்கவில்லை என்று கேள்விப்பட்டேன். வீட்டில் கேட்டால் பா டின்னுக்குப் பாட்டு போய்விடுமே என்று ஆறுமுகம் அண்ணன் சொன்னாராம். பேச்சும் திரும்பிவிட்டது, இப்போது சும்மா இருங்கப்பா என்று சொல்ல வேண்டியிருக்கிறது என்று குமரேசன் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்.

எனக்கு மட்டும் புதிதாக ஒரு கவலை பிடித்துக்கொண்டது. கூடை குறைந்துகொண்டே வந்தது. எவ்வளவு மெதுவாகச் சோதித்தாலும் ஒருநாள் தீரத்தானே வேண்டும்? தீர்ந்த பிறகு இந்த மனிதர் எதற்காகச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வருவார்? கடைசிக் கேசட்டை அலமாரியில் வைக்க எனக்குக் கை வரவில்லை. ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். "ஸ்டெல்லா" என்றார் மேட்ரன். வைத்தேன்.

அவர் வந்தார், எடுத்தார், தடவிப் பார்த்தார். அது கடைசி என்று அவருக்கும் தெரிந்திருந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் சாலையைத் தாண்டி மறையும் வரை கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

அடுத்த வாரம் அதே நாள் காலை. பெட்டிகளைப் பிரிக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமான நேரம் தாண்டியது. வரமாட்டார் என்று முடிவுகட்டி உள்ளே திரும்பியபோது ஊன்றுகோல் சத்தம் கேட்டது. அவர்தான். கேசட் அலமாரிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் படங்கள் இருக்கும் தட்டுக்குப் போய், கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு உறையாக எடுத்துப் படிக்க ஆரம்பித்தார்.

"என்னண்ணே, உங்களுது எல்லாம் முடிஞ்சிருச்சே" என்றேன்.

"அது முடிஞ்சிருச்சி" என்றார், தலையை நிமிர்த்தாமல். "மத்தவங்க என்னத்தக் குடுத்திருக்காங்கன்னு பாப்போம்."